கோர்வை போட்ட கை

எனக்கு எண்பத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது நேராக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு வாக்கில் நடந்தது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவையின் உடலை நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போடுவேன். உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் இடம்தான் கோர்வை. ஒரு கல்யாணப் புடவையில் அது இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. முதலாளி நாலு பேர் எதிரில் இழுத்தார். கரை தனியே வந்தது.

"இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா பாவு நூல வேற தறிக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

அன்றிலிருந்து நாடாவைத் தொட்டாலே என் கை நடுங்கியது. கஷாயம், தைலம் எதுவும் கேட்கவில்லை. கூரம் ஊரில் இருந்த என் அக்கா சொல்லி, மனோவசியம் செய்கிற ஒரு டாக்டரிடம் நானும் வீட்டுக்காரரும் போனோம். பேய் ஓட்டுகிறவர் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். அவர் சிரித்து, அதைப் பிழிந்து மூன்று பேருக்கும் ஜூஸ் போட்டார்.

பிறகு என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். "கண்ண மூடிக்கம்மா. கை கனமா இருக்குது, தூக்கவே முடியல" என்று மெல்லச் சொல்லி எண்ணினார். நான் எங்கேயோ போய்விட்டேன். மற்றதெல்லாம் டாக்டர் பிறகு சொன்னது.

பெஞ்சில் இருந்த வீட்டுக்காரர் எனக்கு முந்தியே தூங்கிவிட்டாராம். தூக்கத்திலேயே அவர் கால்கள் தறி மிதிக்கிற மாதிரி தரையைத் தட்டினவாம். சத்தம் கேட்டதும், தூக்க முடியாத என் கை எழுந்து காற்றிலேயே கோர்வை போட்டதாம். துளி நடுக்கமில்லை. டாக்டர் சட்டென்று பேச்சை மாற்றி, "தறிச் சத்தம் கேட்டா உன் கை தானா போவும். நீ அதப் பாத்துக்கினு இருக்க வேணாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

நாங்கள் கண் விழித்ததும் டாக்டர், "நான் எண்ணினது ஒருத்தருக்கு, தூங்கினது ரெண்டு பேர்!" என்றார்.

"நான் எங்க தூங்கினேன்? யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எச்சில் வடியவா யோசிச்சீங்க?" என்றேன்.

மறுநாள் தறியில் முதல் நாலு மிதிக்குக் கை நடுங்கியது. கையைப் பார்ப்பதை விட்டேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். கை தானாகப் போயிற்று.

புடவை முடிந்ததும் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கரை அசையவில்லை.

"யாருய்யா போட்டது?"

"தூங்கிக்கினே கத்துக்கினவ" என்றார் வீட்டுக்காரர். பாவு வேறு தறிக்குப் போகவே இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோதும் பேனா நடுங்கியது. பக்கத்தில் பேத்தி தையல் மிஷின் மிதித்தாள். அந்தச் சத்தத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். போதும் கண்ணு, மிஷின நிறுத்திட்டு ஒரு தபா படிச்சிக் காட்டு. எங்கியாவது விட்டுப்போயிருந்தா சொல்லு.