பசுவின் பின்னங்கால்

வேலைக்குப் போன முதல் மாதத்தில், ஒரு நாய் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்காகக் கலைமதி ஒன்பது படம் வரைந்தாள். அந்த நாய் எதைப் பார்த்தது என்று அவளுக்குத் தெரியாது. தலை நேராக இருக்கும் முதல் படமும், முழுக்கத் திரும்பிவிட்ட கடைசிப் படமும் கடல் தாண்டி எங்கிருந்தோ பார்சலில் வந்திருந்தன. நடுவில் வரவேண்டியதை வரைந்து நிரப்புவதுதான் சென்னை வடபழனியில் அந்த மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கும் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும். மூன்று துளை போட்ட தாளை மேசையில் இருக்கும் முளைகளில் மாட்டி, கீழே இருக்கும் இரண்டு படத்தின் கோடும் மேல்தாளில் தெரிய, அவற்றுக்கு இடைப்பட்ட கோட்டைப் போட வேண்டும். வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் வரும் பொம்மைத் தொடர் அது. ஊரில் அவள் வீட்டு டிவியில் அந்தச் சேனல் வராது.

அவளுக்கு ஊர் வையம்பட்டி. அப்பா பிச்சைமுத்து மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். பிளஸ் டூ முடித்த பெண் பொம்மைப் படத்தில் வேலைக்குப் போகிறாள் என்றதும் அவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "உட்கார்ந்து பாக்குற வேலைதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அது பாதிப் பொய். அவளால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. நாய் தலை திருப்புவதை வரைய வேண்டுமென்றால் எழுந்து, தானே தலையைத் திருப்பிப் பார்ப்பாள். முதலில் கண் போகிறதா, மூக்கு போகிறதா? பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நாலே வருஷத்தில் தாள் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் விளக்கு மேசைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரும், வரைகிற பலகையும், பிளாஸ்டிக் பேனாவும் வந்திருந்தன. பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். கலைமதி இருந்து கற்றுக்கொண்டாள். அது கை பழகும் நேரத்தில், பொம்மையின் கையையும் காலையும் தனித்தனியாக வெட்டி மூட்டு வைத்து ஆட்டும் முறை வந்தது. அதையும் கற்றாள். அப்புறம் எல்லாத் திசையிலும் சுற்றிப் பார்க்கும்படியான முழு உருவப் பொம்மை வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து தொடங்க வேண்டியிருந்தது. "இப்பத்தான் ஏறி உட்கார்ந்தோம், அதுக்குள்ள பஸ்ஸ மாத்துறாங்க" என்று கூட இருந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அலுப்பை விட ஒரு பதற்றம்தான் மிஞ்சியது. ஒன்றையும் முழுசாகக் கற்கவில்லையே என்ற பதற்றம்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். கணவன் பாலு எலெக்ட்ரீஷியன். அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். மகள் கனிஷ்கா பிறந்து இரண்டு வருஷம் கழித்து, தில்லைநகரில் அருள்ராஜ் என்பவர் நடத்திய சின்ன ஸ்டுடியோவில் சேர்ந்தாள். குழந்தைப் பாட்டுகளுக்குப் படம் செய்து யூடியூபில் போடுகிற இடம் அது. யானைப் பாட்டு, மழைப் பாட்டு, இட்லிப் பாட்டு என்று மாதத்துக்கு நாலு பாட்டு.

பசுப் பாட்டுக்கு மூன்றே நாள்தான் கிடைத்தது. பசுவின் உருவத்தை வெளியில் வாங்கிவிட்டார்கள். அது நடப்பதற்கான அசைவு, அதாவது நடை, அதோடு வரவில்லை. நடை செய்ய ஒரு வாரமாவது வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு குதிரை ஓட்டம் கிடந்தது. கலைமதி அதை எடுத்துப் பசுவின் காலில் பொருத்தி, வேகத்தைக் குறைத்து, தலையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டாள். பாட்டு வெளியாகி, எப்படியோ ஊர் உலகமெல்லாம் பரவியது. ஒரு வருஷத்தில் பதினாலு கோடி தடவை பார்த்திருந்தார்கள். அருள்ராஜ் கேக் வெட்டினார்.

கண் பரிசோதனைக்காகப் பிச்சைமுத்து திருச்சிக்கு வந்தபோதுதான் அந்தப் பாட்டைப் பார்த்தார். கனிஷ்காவுக்கு அப்போது நாலு வயது. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இது அம்மா செஞ்ச மாடு."

பிச்சைமுத்து போனை வாங்கினார். ஒரு தடவை பார்த்தார். திருப்பி வைக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"பின்னங்கால்ல கோளாறு இருக்கே கலை. சந்தைக்கு இத ஓட்டிட்டு வந்தா நான் கிட்டயே போக மாட்டேன்."

"சின்னப் புள்ளைங்க பாக்குறதுப்பா."

"சின்னப் புள்ளைங்களுக்குன்னா நொண்டி மாடு போதுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மோர் கேட்டார். கலைமதி மோர் எடுக்க உள்ளே போனவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குதிரை மிதமாக ஓடும்போது குறுக்குக் கால்கள் இரண்டும் சேர்ந்து எழும். இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒரே நேரத்தில். நடக்கிற பசு அப்படி வைக்காது. ஒவ்வொரு காலாக, நாலு தனித்தனி அடியாக வைக்கும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

அன்று முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், தெருவில் நிற்கிற மாடு எப்போது அடி எடுத்து வைக்கும் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே போவாள். ஒருநாள் உத்திர வீதியில் ஒரு செவலைப் பசு போவதைப் பார்த்து, காய்கறிப் பையோடு பின்னாலேயே போய்ப் போனில் படம் பிடித்தாள். மாட்டுக்காரர் ஓடி வந்தார்.

"யாருங்க நீங்க? கார்ப்பரேஷனா? இப்பத்தாங்க அவுத்து விட்டேன், புடிச்சுக் கட்டிடுறேன்."

"இல்லீங்க, கால் எப்படி வைக்குதுன்னு பாக்குறேன்."

அவர் பசுவின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "காலுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்று சொல்லிப் பசுவை அவசரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டில் பசுவின் நடையை மாற்றிவிடலாமா என்று அருள்ராஜிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார்.

"பதினாலு கோடி தடவ பாத்திருக்காங்க கலைமதி. ஒருத்தராவது காலப் பத்திச் சொன்னாங்களா?"

"எங்கப்பா சொன்னாரு சார்."

அவர் சிரித்தார். போட்ட படத்தை மாற்ற முடியாது, புதிதாகப் போட்டால் பார்த்தவர் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். அடுத்தடுத்த பாட்டுகளில் மாடு வந்தால் தூரத்தில் நிற்க வைத்தாள், அல்லது வேலிக்குப் பின்னால் காலை மறைத்தாள்.

மூன்று வருஷம் போயிற்று. போன வருஷம் ஸ்டுடியோவுக்கு ஜெஸ்லின் வந்தாள். இருபத்து மூன்று வயது. அவள் வரைவதில்லை. என்ன வேண்டுமென்று கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதினால், ஏ.ஐ. யந்திரம் படத்தை அசைவோடு செய்து கொடுத்துவிடும். இரண்டே மாதத்தில், இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேரை அருள்ராஜ் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பிய அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை. கலைமதியை வைத்துக்கொண்டார். யந்திரம் செய்ததில் ஆறு விரல் இருந்தால் ஐந்தாக்குவது, காது உருகியிருந்தால் சரிசெய்வது இனி அவள் வேலை. வடபழனி மாடியில் செய்ததும் ஏறக்குறைய இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ போட்டதற்கு நடுவில் கோடு போடுவது.

ஒரு பாட்டுக்கு ஆற்றங்கரையில் பசு நடக்க வேண்டியிருந்தது. ஜெஸ்லின் எழுதினாள். படம் வந்தது. தண்ணீர் மினுங்கியது, தென்னை அசைந்தது, பசுவின் தோலில் வெயில் விழுந்தது. எல்லாம் அவ்வளவு அழகு. கலைமதி காலைப் பார்த்தாள். இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து எழுந்தன.

படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். "இன்னொண்ணு போடு ஜெஸ்லின்."

இன்னொன்று வந்தது. அப்புறம் ஆறு வந்தன. நாலில் அதே குதிரை ஓட்டம், மெதுவாக. இரண்டில் கால்கள் நடுவழியில் இடம் மாறிக்கொண்டன.

"எல்லா மாடும் இப்படித்தான்க்கா வருது" என்றாள் ஜெஸ்லின். "நெட்ல இருக்குற வீடியோவெல்லாம் பாத்துத்தானே அது கத்துக்கும்."

"எந்த வீடியோ?"

"அது யாருக்கும் தெரியாதுக்கா."

சாயங்காலம் பாலுவிடம் சொன்னாள். சொல்லும்போதே எழுந்து எழுந்து நடந்தாள். பாலு சுவிட்ச் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"அவசரத்துக்கு நான் போட்ட தப்புங்க அது. இப்ப யார் கேட்டாலும் அந்த மாடுதான் வருது."

"உலகத்துல நீ ஒருத்திதான் தப்பா மாடு செஞ்சியா? ஆயிரம் பேர் செஞ்சிருப்பான். எல்லாம் உன்னாலதான்னு நெனைக்கிறது ரொம்பப் பெருமை கலை."

அது சரிதான். சரி என்பதால் ஆறுதல் வந்துவிடவில்லை. ஆயிரத்தில் ஒன்று அவளுடையது; அதை முதல் வருஷத்தில் மட்டும் பதினாலு கோடி தடவை பார்த்திருந்தார்கள்.

சந்தை நாளன்று லீவு போட்டு, விடியலில் மணப்பாறைக்குப் பஸ் ஏறினாள். பிச்சைமுத்து சந்தை வாசலில் காத்திருந்தார். கூட்டத்துக்குள் ஒரு மாட்டின் காலை இன்னொரு மாடு மறைத்தது. அவர் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டினார். தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு, அந்தச் சுவரை ஒட்டி மாட்டை நடத்தச் சொன்னார். கலைமதி எதிரே புழுதியில் குந்தி உட்கார்ந்து, போனைத் தரையோடு பிடித்தாள். வியாபார நேரத்தில் இது என்ன கூத்து என்று ஒருவர் முனகினார்.

"என் பொண்ணுங்க" என்றார் பிச்சைமுத்து. "மாடு நடக்குறத வரையுறா. அதான் அதுக்குத் தொழில்."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் தொழிலைப் பற்றி அவர் இன்னொருவரிடம் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டீ குடிக்கும்போது ஒரு தர்க்கம் வந்தது. நின்ற மாடு நடக்கத் தொடங்கினால் முன்னங்கால்தான் முதலில் போகும் என்றார் அவர். அவள் போனில் எடுத்ததை ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினாள். பின்னங்கால் முதலில் எழுந்தது. முன்னங்கால் விட்டுப்போன தடத்திலேயே அது வந்து ஊன்றியது. அடுத்த மாட்டையும் காட்டினாள். அதிலும் அப்படியே. பிச்சைமுத்து நாற்பது வருஷமாக மாடு பார்க்கிறவர். டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"அது நின்ன வாட்டத்தப் பொறுத்தது" என்று சொல்லி எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து, ராத்திரி கனிஷ்கா தூங்கிய பிறகும் லீவு நாட்களிலுமாகப் பலகையில் வரைந்தாள். ஒரு நடைக்குப் பதினாறு படம். வரைந்ததை ஓட்டிப் பார்ப்பாள், பசு மிதக்கும். அழிப்பாள். கால் சரியானால் முதுகு கட்டைபோல இருக்கும். காலை ஊன்றும்போது தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில் ஏறி இறங்க வேண்டும், வயிறு ஒரு நொடி தாமதித்து ஆட வேண்டும். சமையலறையில் கையைத் தரையில் ஊன்றி நாலு காலால் நடந்து பார்த்தாள். கனிஷ்காவும் பின்னால் நடந்தாள். குக்கர் விசில் எத்தனை வந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

ஆறு வாரத்தில் பசு, காளை, கன்று என மூன்று நடை முடிந்தது. வரைந்த படங்களையும், பொம்மையில் பொருத்துவதற்கான கம்ப்யூட்டர் ஃபைலையும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி இணையத்தில் போட்டாள். முதல் மாதம் பதினொரு பேர் எடுத்தார்கள். அவள் எதிர்பார்த்ததைவிட அது அதிகம்.

அருள்ராஜுக்குச் செய்தி போய்விட்டது. கூப்பிட்டார்.

"ஆபீஸ் நேரத்துல செஞ்சீங்களா?"

"இல்ல சார். வீட்லதான்."

"ஃப்ரீயா ஏன் போட்டீங்க?"

"தப்பா போட்டதும் ஃப்ரீயாதானே சார் பாத்தாங்க."

அவர் மேசையில் இருந்த பேனாவை மூடித் திறந்தார். பிறகு, யந்திரத்துக்கு இந்த நடையைக் காட்டினால் சரியான மாடு வருமா என்று கேட்டார். காட்டிப் பார்த்தார்கள். பத்துக்கு ஏழு சரியாக வந்தது. மற்ற மூன்றைக் கலைமதி கையால் திருத்தினாள். பொங்கலுக்குப் புதிய பசுப் பாட்டு ஒன்று போட்டார்கள். அது சுமாராக ஓடியது. பழைய பாட்டுதான் இன்றும் முன்னால் நிற்கிறது. குழந்தைகள் அதைத்தான் கேட்கிறார்கள். கலைமதி இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பாள். அவள் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுக்க இல்லை.

போன மாதம் அஸ்ஸாமிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பசு நடையை எடுத்துக்கொண்டவராம். நன்றி சொல்லிவிட்டு, எருமை நடை இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எருமையும் மாடுதானே என்று முதலில் நினைத்தாள். பஸ்ஸில் போகும்போது யோசித்தாள். எருமைக்கு எலும்பும் வேறு, எடையும் வேறு. தலையை எங்கே வைத்துக்கொள்ளும்? குளம்பு எவ்வளவு விரியும்? தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் உட்கார்ந்திருந்த இடம் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொள்ளிடக் கரைக்குப் போனாள். எருமைகள் இருந்தன, எல்லாம் தண்ணீருக்குள். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிந்தன. மேய்க்கிற அம்மாள் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்பங்க மேல ஏறும்?"

"வெயில் தாழணும். நாலு மணி ஆவும்."

மணி பத்தரை. கலைமதி பாலுவுக்குப் போன் செய்து, கனிஷ்காவுக்கு மதியம் சாப்பாடு போட்டுவிடச் சொன்னாள். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, எருமை ஏறிவரும் சேற்றுத் தடம் எது என்று பார்க்க மணலில் இறங்கி நடந்தாள்.