மேலதிகாரியின் மின்விசிறி

எழுபதுகளில் எங்கள் ஆபீஸ் வலியசாலையிலிருந்து கரமனைக்கு மாறியது. ஏற்பாடு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு, மேலதிகாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வேலை ஒரு நிமிஷம் நிக்கப்படாது, கேட்டேளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆபீஸில் ஒருநாள்கூடத் தடைபடாமல் நடந்த வேலை ஒன்றுதான்: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் தூங்குவது. கையில் பேனா, எதிரே விரித்த ஃபைல் என்று உட்கார்ந்தபடியே தூங்குவார். மின்விசிறி நின்றால் மட்டும் விழித்துக்கொள்வார்.

அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைகளை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனோம். அலமாரி, டைப்ரைட்டர், தண்ணீர்ப் பானை எல்லாம் லாரி ஏறின.

"சேச்சி, சாரை எழுப்பண்டாமா?" என்று மலையாளிப் பியூன் என்னிடம் கிசுகிசுத்தார்.

"வேலை நிக்கப்படாதுன்னு அவர்தானே சொன்னார்!"

மின்விசிறியை ஓடவிட்டுக் கிளம்பினோம்.

சாயங்காலம் அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது நாங்கள் புது இடத்தில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் தூங்கியதைச் சொல்லாமல் எப்படித் திட்டுவது?

"ஒரு ஃபைல்ல மூழ்கிட்டேன். கூப்பிடப்படாதோ?"

"அதனாலதான் சார் தொந்தரவு பண்ணல்லை."

அவருடைய புது அறையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். கூரையில் வெறும் கொக்கிதான் இருந்தது. மின்விசிறியைத்தான் அவருக்காக அங்கேயே விட்டு வந்திருந்தோமே.

"ஃபேன் இல்லாம நான் எப்படி வேலை பார்க்கறது?" என்றார்.