ஏறுமுன் ஒரு கேள்வி

செங்கம் ரோட்டில் பேட்டரி ஆட்டோ ஓட்டிய டிரைவர் ஒருவர், ஏறப்போகும் எல்லோரிடமும் முதலில் ஒன்று கேட்பார்: "உடம்பு நல்லாயிருக்குதுங்களா?" முழங்கைவரை மடித்துவிட்ட காக்கிச் சட்டை, சிரிக்காத முகம். மரியாதைக்குக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அன்று என்னோடு ஒரு லண்டன்காரர் வந்தார். ஊருக்குத் திரும்பியதும் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று அவருக்குக் குழப்பம். "ஒரு கட்சித் தலைவர் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். எங்கள் ஜனங்களுக்கு இரண்டு பேர்மேலும் நம்பிக்கை இல்லை" என்றார். டிரைவரிடம் தமிழில் சொன்னேன்.

"நம்பாததே நல்லதுங்க. இங்கயும் மேடையில சொன்னாங்க, ஊரெல்லாம் சார்ஜ் போட இடம் வருதுன்னு. நம்பி வாங்கிட்டேன். ஒருநாள் பூரா கரண்ட் இல்ல. அன்னிக்குனு பாத்து சம்சாரத்துக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில வண்டி நின்னுடுச்சு. அங்கயே போயிட்டா."

என்ன சொன்னார் என்று லண்டன்காரர் கேட்டார். கரண்ட் இல்லாமல் வண்டி நின்றுவிட்டதாம் என்று மட்டும் சொன்னேன்.

வேங்கிக்காலில் நாங்கள் இறங்கியதும் ஒரு பெரியவர் ஏற வந்தார். அவரிடமும் அதே கேள்வி.

"லேசா மூச்சு வாங்குதுப்பா."

டிரைவர் இறங்கிப்போய், பின்னால் வந்த பெட்ரோல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, பெரியவரை அதில் ஏற்றிவிட்டார். அவருடைய வண்டி சத்தமில்லாமல் காலியாகத் திரும்பிப் போனது.