மூக்கால் சொன்ன வார்த்தை

டக்... டக்... டக்.

கதவு தட்டும் சத்தத்தில் வைதேஹி திடுக்கிட்டு எழுந்தாள். ரேடியோவில் இரண்டு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம். டில்லியில் அந்த வேளையில் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். வெளியே அனல் காற்று ஆளையே பொசுக்கிவிடும்.

இது 1979-ல், ஜனக்புரியில், ஒரு முதல் மாடி வீட்டில் நடந்தது. பயமுறுத்துவதற்காக இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. பயம் முழுவதும் ஒரே ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

வைதேஹி கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஏழு மாதம். கணவன் சேஷனுக்கு மத்திய சர்க்காரில் வேலை. அந்தக் காலனியில் ஒரு மாடிப்படிக்கு நாலு பாஷை. கீழே வங்காளிகள் மீன் பொரித்தால் மேலே மலையாளிகள் வீடு வரை மணக்கும். எதிர்வீடு பஞ்சாபி. கம்லேஷ் அந்த வீட்டு மருமகள். வைதேஹி வயதுதான் அவளுக்கும்.

ஊரில் இரண்டு ஹிந்திப் பரீட்சை பாஸ் செய்தவள் வைதேஹி. ஆனால் டில்லிக்காரர்கள் பேசும் ஹிந்தி அவளுக்கு நிற்காத பஸ் மாதிரி. ஏறுவதற்குள் போய்விடும். கம்லேஷ்தான் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தாள். முதல் பாடமே 'ஸாஸ்'. மாமியார்.

கம்லேஷின் மாமியாரைக் காலனியே பீஜி என்று கூப்பிடும். பீஜி கோயிலுக்குக் கிளம்பினால் போதும், கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க கம்லேஷ் ஓடி வந்துவிடுவாள். "ஸாஸ் நஹீ!" என்று கண்ணைச் சிமிட்டுவாள். மாமியார் இல்லை! வைதேஹி காபி கலப்பாள்.

"உன் மதராஸி காபிக்காகவே என் ஸாஸ் தினமும் சாமி கும்பிடணும்" என்று கம்லேஷ் சிரிப்பாள்.

அன்று கதவைத் திறந்தபோதும் அவள்தான் நின்றாள்.

சிரிக்கவில்லை. கொதிக்கிற சிமென்ட் தரையில் வெறுங்கால். முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி. அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பாள் என்று வைதேஹி நினைத்தாள். வளையல் சத்தம்... அதுவும் இல்லை.

"ஸாஸ்... நஹீ ஆ ரஹீ" என்றாள் கம்லேஷ், ரொம்ப மெதுவாக.

மாமியார் வரவில்லை.

வைதேஹிக்குத் தூக்கக் கலக்கம். வீட்டில் பாலும் இல்லை.

"அச்சா ஹை!" என்று சிரித்தாள். நல்லதாப் போச்சு! "சாயந்திரம் வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சாயந்திரம் கம்லேஷ் வந்தாள். ஆஸ்பத்திரி வண்டியில்... வெள்ளைத் துணிக்குள்.

ஆஸ்துமா என்றார்கள். தன் வீட்டு வாசலிலிருந்து போனதுமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று வைதேஹி நினைத்தாள்.

சேஷன் ஆபீஸிலிருந்து வந்ததும் அழுதாள்.

"ஏன்னா, மத்தியானம் நன்னா வந்து நின்னாளே. ஸாஸ் நஹீ ஆ ரஹீன்னு சொன்னாளே..."

சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்த சேஷனின் கை நின்றது.

"ஸாஸா? இல்லே, மூக்கால ஸான்ஸ்னு சொன்னாளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஸாஸ்னா மாமியார். மூக்கால சொன்னா மூச்சு. மூச்சு வரலைன்னு சொல்லியிருக்கா, அசடே!"

வைதேஹி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியில மூச்சு விடாதே" என்ற சேஷன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூச்சு வரவில்லை என்று வந்தவளிடம் 'நல்லதாப் போச்சு' என்று சிரித்திருக்கிறாள்! துக்கம் கேட்கப் போனபோது பீஜி அவள் தலையைத் தடவினார். "என் மருமகள் உன்னைத்தான் சிநேகிதி என்பாள்" என்றார். வைதேஹி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து பீஜி வீட்டுக் கதவு பகலிலும் சாத்தப்படவில்லை. அதை அவள் கவனித்தாள். காரணம் கேட்கவில்லை.

மறு வாரம். மத்தியானம். கரண்ட் போயிற்று. கூலர் நின்றது. வீடே நிசப்தம்.

டக்... டக்... டக்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹீ...ய்ங்... ஹீ...ய்ங்...

"...நஹீ ஆ ரஹீ."

முதல் வார்த்தை மட்டும் காதில் விழவில்லை.

திறந்தாள். யாரும் இல்லை.

மறுநாளும் வந்தது.

அதற்கு மறுநாளும்.

டக்...

இந்தத் தடவை வைதேஹி கதவை விரியத் திறந்தாள். "மாஃப் கரோ! மன்னிச்சுடு! உள்ளே வா, கம்லேஷ்! உள்ளே வா!" என்று வெறும் மாடிப்படியைப் பார்த்துக் கதறினாள்.

எதிர்வாசலில் பீஜி நின்றுகொண்டிருந்தார்.

"யாரைக் கூப்பிடறே, பேட்டா?"

வைதேஹி அவர் காலில் விழுந்தாள். தெரிந்த ஹிந்தி, தெரியாத ஹிந்தி, தமிழ் எல்லாவற்றிலும் சொல்லி முடித்தாள். அந்த மத்தியானம்... அந்த வார்த்தை... தன் சிரிப்பு.

அடிப்பார் என்று காத்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு வந்தா?"

"ரெண்டு. ரேடியோவில் செய்தி ஓடிண்டிருந்தது."

பீஜி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பேசிய ஹிந்தி, முதல் தடவையாக, ஒரு வார்த்தை விடாமல் வைதேஹிக்குப் புரிந்தது.

"முதல் நாள் ராத்திரியே என் பையன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அன்னிக்கு விடிகாலை ஆறு மணிக்கே அவ உயிர் போயிடுச்சு."

"அவளுக்கும் எனக்கும் சண்டை. நாடகம் ஆடறான்னு நினைச்சு நான் போகலை. கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு என்னைக் கேட்டாளாம்."

பீஜி திறந்து கிடந்த தன் கதவைப் பார்த்தார்.

"உனக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு, பேட்டா... அவ மூக்கால சொல்லலை."