இடது ஹப்பும் மேல்தோப்பும்

மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அதில் ஓடையைத் தாண்டி மேட்டில் இருக்கும் பகுதிதான் மேல்தோப்பு. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருப்பதால் தோப்பு என் பொறுப்பு. செட்டியார்பட்டி வியாபாரி ஒருவர் பாதிப் பங்குக்குக் காய் பறிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் பழைய ஃபோர் வீல் ஜீப்பில் போய்வருவேன். அதன் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஹப் என்று ஒரு திருகு மூடி உண்டு. இரண்டையும் ‘லாக்’ பக்கம் திருப்பினால்தான் முன்சக்கரங்கள் இழுக்கும். ஒன்று பிடிக்காவிட்டாலும் இரண்டும் சும்மாதான்.

போன பருவத்தில் ஒருநாள் ஓடை மணலில் ஜீப் சிக்கிக்கொண்டது. ஹப்பைத் திருப்பி, கியர் போட்டு மிதித்தேன். பின்சக்கரங்கள் மணலைத் தோண்டினவே தவிர முன்சக்கரங்கள் அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்துவிட்டது.

எனக்கு உடனே வியாபாரியின் ஞாபகம் வந்தது. முந்தின வாரம் கூடை ஏற்ற ஜீப்பை வாங்கிப் போயிருந்தார். அதோடு, “மேல்தோப்புக்கு வராதிய அக்கா, ஆனை நிக்கி” என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். ஓடையைத் தாண்டாத ஜீப் யாருக்குத் தோது?

வீட்டுக்கு வந்து, ஹப் இரண்டையும் லாக்கில் வைத்து, முன்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். வலது பக்கம் சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே இருக்கும் அச்சும் சுற்றியது. இடது பக்கம் சக்கரம் மட்டும் சுற்றியது. அந்த மூடியில் ஒரு போல்ட் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளத்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அதை நீ தொறக்காத. லீவுல வந்து நான் பாத்துக்கிடுதேன்.”

‘என் ஸ்பேனரை எவன் தொட்டான்’ என்று கத்துகிற மனுசன் இப்படி அமைதியாகப் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் வியாபாரியை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். “உங்க முன்னாடியே தொறக்கேன், நில்லுங்க” என்று மூடியைக் கழற்றினேன். ஏதோ ஒரு சாமான் காணாமல் போயிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். உள்ளே லேகியம் மாதிரி கிரீஸ் அப்பியிருந்தது. நகர்ந்து போய் அச்சைக் கவ்வ வேண்டிய பல்வளையம் அதற்குள் ஒட்டிக் கிடந்தது.

“என்னையவா சந்தேகப்படுதிய? என் வண்டிக்கே நான் எண்ணெய் விட மாட்டேன். இம்புட்டு கிரீஸ நானா வைப்பேன்?”

அது உண்மைதான். வீட்டுக்காரருக்கு மறுபடி போன் போட்டேன். “போன லீவுல இதைக் கழத்துனீங்களா?”

“லேசாத்தான் வச்சேன். ஒரு போல்ட்டு எங்கயோ விழுந்துட்டு, வேற போட்டேன்.”

‘நான் இல்லாதபோது யாரும் ஹப்பைத் தொடக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போனவர் இவர்தான்.

கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிசாகத் தடவி மூடினேன். சக்கரத்தோடு அச்சும் சுற்றியது. வியாபாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும், “வாங்க, மேல்தோப்பு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்” என்றேன்.

“இன்னைக்கு வேண்டாம்க்கா. ஆனை...”

“ஜீப்புலதானே போறோம்.”

ஓடையை ஜீப் சுலபமாகத் தாண்டியது. மேலே பாறையோரம் நின்ற பெரிய மரங்களில் ஒரு காய்கூட இல்லை. யானை வந்திருந்தால் கிளை முறிந்திருக்கும். கிளைகள் முழுசாக இருந்தன. கைக்கு எட்டிய காம்புகளைப் பார்த்தேன். கத்தி வைத்த மாதிரி வெட்டு.

“ஆனை தின்னுருக்கும்க்கா.”

“ஆனை காம்பை அறுத்தா திங்கும்?”

அவர் கீழே குனிந்து செருப்பிலிருந்த முள்ளை எடுக்க ஆரம்பித்தார். எடுத்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். “நான் கிரீஸ் வச்சதுனாலதான் உனக்குச் சந்தேகமே வந்துச்சு” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். இந்தப் பருவத்துக்கு வேறு வியாபாரியைப் பேசியிருக்கிறோம். நல்ல மனுசர் மாதிரிதான் தெரிகிறார். இருந்தாலும் வாரம் ஒருதடவை, சொல்லாமல், மேல்தோப்பு வரை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன்.