எட்டுவிரலான் எழுதிய 21

கல்குவாரியில் வெடி வைக்கிறவனுக்கு எட்டுவிரலான் என்று பெயர் வந்தது இருபத்திரண்டு வயதில். வெடிமருந்தைக் கிளப்பும் கேப்பு ஒன்று கையிலேயே வெடித்து, இடது கையில் இரண்டு விரலைப் பிய்த்துக்கொண்டு போனது. மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா அவன்? மிச்ச விரல்களை வைத்தே ஒரு கணக்கைக் கட்டிக்கொண்டான். எட்டு எண்ணினால் ஒரு முறை கை நிறைந்தது. அன்றைய வெடி எண்ணிக்கையை எழுதும் பலகையில் 25 என்று எழுதினால் இரண்டு முறை கை நிறைந்து, மேலே ஐந்து. ஊரார் கணக்கில் இருபத்தொன்று.

அவனிடம் எண்ணக் கற்றுக்கொண்ட தம்பிக்கும் அதே கணக்குதான். வெடித்து முடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ப் பாறையைத் தட்டிப் பார்ப்பது தம்பியின் வேலை. எத்தனை வெடி என்பதைப் பலகை சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே வரிசைக்கு ஏழு வெடிக்குழி. இரண்டு வரிசைக்கு 16, மூன்றுக்கு 25, நான்குக்கு 34. எட்டு வரிசை வரை எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஏழுதான். ஏழு வரவில்லையென்றால் எவனோ கோட்டைவிட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

புதிதாக வந்த மேஸ்திரிக்கு இதெல்லாம் பொறுக்குமா?

"இருபத்தொரு குழிக்கு இருபத்தஞ்சுன்னு எழுதி மருந்து திருடுறியாடா?" என்று எட்டுவிரலானை அறைந்தான்.

இவன் வாங்கிக்கொண்டு போகிறவன் இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்து மூக்கிலேயே குத்தினான். மேஸ்திரி கம்பியை எடுத்து முதுகில் விளாசினான். ஆட்கள் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள்.

"எல்லாரும் எழுதற மாதிரி எழுது. இல்லேன்னா அண்ணனும் தம்பியும் இப்பவே நடையைக் கட்டுங்க!" என்றான் மேஸ்திரி.

எட்டுவிரலான் ரத்தத்தைத் துப்பிவிட்டு, 25-ஐ அழித்து 21 என்று எழுதினான். "இந்தா, கண்ணு குளிரப் பாத்துக்க!"

ஆத்திரம் கண்ணை மறைத்தது. தம்பியிடம் சொல்லவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை, பாவி மனுஷனுக்கு. திரிகளைப் பற்றவைத்துவிட்டு மேற்கு ஓரத்து இரும்புக் கூண்டுக்குள் ஓடிப் புகுந்தான். பலகையைப் பார்த்துவிட்டு வந்த தம்பி கிழக்குக் கூண்டில் இருந்தான்.

ஒவ்வொன்றாக வெடித்தது. பதினேழாவது வெடித்ததும் தம்பி வெளியே வந்து குழிகளை நோக்கி நடந்தான்.

எட்டுவிரலானுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ! தம்பியின் கணக்கில் 21 என்றால் இரண்டு முறை கை நிறைந்து மேலே ஒன்று, பதினேழுதானே!

"டேய், போகாதடா! இன்னும் நாலு இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

வெடிச் சத்தத்தில் காது அடைத்திருந்த தம்பி, "முடிஞ்சிருச்சுண்ணே!" என்று கையாட்டினான். பதினெட்டாவது வெடித்தது. பாறைத்துண்டு ஒன்று அவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு போனது. மிச்சம் மூன்றும் வெடிக்கும்போது எட்டுவிரலான் அந்த உடம்பின்மேல் படுத்துக் கிடந்தான். கற்கள் அவன் முதுகில் வந்து விழுந்தன.

"எண்ணத் தெரியாத பயலை எவன் உள்ள விட்டது?" என்றான் மேஸ்திரி.

எட்டுவிரலான் பாய்ந்து அவன் குரல்வளையைப் பிடித்தான். மேஸ்திரிக்கு விழி பிதுங்கியது. நாலு பேர் இழுத்தும் பிடி விடவில்லை. அப்போதுதான் மேஸ்திரியின் தலைக்குப் பின்னால் இருந்த பலகையில் தானே எழுதிய 21 கண்ணில் பட்டது. கை தானாகத் தளர்ந்தது.

தம்பி வீட்டுக்கு அவனே போனான். தம்பி பெண்டாட்டி தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள்.

"மாமா, எப்பவும் ஏழு வருதான்னு கூட்டிப் பாத்துட்டுத்தானே அவரு போவாரு? இன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல?"

"வேற எவன் எழுதியிருந்தாலும் கூட்டிப் பாத்திருப்பாம்மா," என்றான் எட்டுவிரலான். "என் கையெழுத்துன்னு நம்பிட்டான்."