மேற்கே சாய்ந்து நின்ற வரிசை

எத்தெல்வினா கொல்கே பயந்த சுபாவக்காரி. கலாமா ஊருக்கு வெளியே, அட்டகாமா பாலைவனத்துச் சூரிய மின் நிலையத்தில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டது அக்காள் புருஷன் பால்தோமேரோ. அங்கே பேனல்கள் காலையில் கிழக்கே சாய்ந்திருக்கும், உச்சிவேளையில் மல்லாந்து கிடக்கும், பிறகு சூரியனோடு மேற்கே சாயும். சும்மா நிற்கும் பேனலைவிட இப்படித் திரும்புவதில் மின்சாரம் கூடுதலாம். ஆனால் ஆள் அரவமே இல்லாத வெளியில் நூற்றுக்கணக்கான வரிசைகள் ஒன்றாகக் கிரீச்சிட்டு இம்மி அசையும்போதெல்லாம் அவளுக்கு முதுகு சில்லிடும்.

"அது உன்னைப் பார்க்கலடி, வெயிலைப் பார்க்குது. நீ என்ன அவ்வளவு அழகா?" என்பார் பால்தோ.

"உங்களுக்கு எதுலதான் பயம், மச்சான்?"

"உங்க அக்கா சமையல்ல."

ஒருநாள் மத்தியானம் ரொட்டியும் அவகாடோவும் தின்றுவிட்டு, மேற்கே சாய்ந்தபடி நின்றுபோன ஒரு வரிசையைப் பார்க்கப் போனார்கள். வரிசையைத் திருப்புகிற, நடுவிலிருந்த மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டு, கோடியில் தளர்ந்திருந்த போல்ட்டை முடுக்கப் பால்தோ தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் நுழைந்தார். எத்தெல்வினா மோட்டாரண்டை நின்றாள்.

காற்று சொல்லாமல் வந்தது. சுற்றியிருந்த வரிசைகள் எல்லாம் தாமாகவே மல்லாந்து படுத்துக்கொண்டன. பலத்த காற்றில் பிழைக்க அவற்றுக்கு அதுதான் வழி. ஒயர் கழன்று கிடந்த இவர்கள் வரிசைக்கு மட்டும் படுக்கத் தெம்பில்லை. அது நுனிவரை முறுக்கிக்கொண்டு துள்ளியது. ஓர் அலறல் கேட்டது. அப்புறம் புழுதிதான்.

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் பால்தோவின் குரல் நைந்து வந்தது. "எத்தி... இடுப்பு மேல அழுத்துது. வெளிய வர முடியல."

மோட்டாரைக் கையால் சுற்றும் பிடி ஒன்று உண்டு. அதை மாட்டினாள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது நேற்றுவரை தெரியும். இப்போது தலைக்குள் ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் சுற்றினாள்.

"இறங்குது! நிறுத்துடி, நிறுத்து!"

பிடியை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. தலைக்கு மேலே கண்ணாடி ஒன்று வெடித்துச் சிதறியது. கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் சுற்ற ஆரம்பித்தாள்.

"மச்சான், ஏறுதா?"

இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"மச்சான், சொல்லுங்க. ஏறுதா?"

காற்றின் இரைச்சல் மட்டும். தான் அவரை நசுக்கிக்கொண்டிருக்கிறோமோ, காப்பாற்றுகிறோமோ தெரியாமல், அழுதுகொண்டே சுற்றினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"ஏறுது" என்றது குரல், வெகு நேரம் கழித்து. "சுத்து. விட்டுடாதே."

வரிசை மல்லாந்து அடங்கியபோது அவள் தவழ்ந்தே போய் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

இப்போது பால்தோ ஊன்றுகோலோடு நடக்கிறார். "கொழுந்தியா முதல்ல என்னை நசுக்கித்தான் பார்த்தா. சாகலைன்னதும்தான் காப்பாத்தினா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அக்காளும் சிரிக்கிறாள். எத்தெல்வினாவால் முடியவில்லை.

வேலையை அவள் விடவில்லை. காற்றின் வேக அளவைப் பார்க்காமல், வரிசையை இரும்புக் கம்பியால் பூட்டாமல் யாரையும் அடியில் நுழைய விடுவதில்லை. பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவள் மறுப்பதில்லை. தானே ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் தலையசைக்கிறாள்.